தாத்தா படத்துக்கு எதிரே என் கடிகாரம்

படித்தவர்களுக்குப் பேய் பயம் வராது என்று சொல்கிறவர்கள், திண்டிவனத்தில் அந்தக் கூடத்தில், கரண்ட் போன பிறகு, என் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதுவும் இயற்பியல். (கேட்காதவர்களிடமும் சொல்லிவிடுவேன்.) அந்தக் கர்வத்தில்தான் கைக்கடிகாரம் செய்யத் துணிந்தேன். செல்போனில் ஒரு வெளிநாட்டுக் கடிகாரத்தைப் பார்த்திருந்தேன். எட்டு மூலை முகம், மூலைக்கு ஒரு திருகாணி. ராஜாக்கள் கட்டுவது போல இருந்தது. விழுப்புரத்தில் லேத் பட்டறையில் வேலை செய்யும் என் அண்ணன் ஏழுமலை, மிச்சமான எவர்சில்வர் துண்டை எட்டு மூலையாக வெட்டிக் கொடுத்தான். பழைய கடிகாரம் ஒன்றின் எந்திரத்தை உள்ளே வைத்தேன். திருகாணிகளில் ஒன்று மட்டும் கொஞ்சம் நீளம்; முட்கள் சுற்றும் இடத்தில் எட்டிப் பார்த்தது.

"குடு, அறுத்துத் தர்றேன்" என்றான் அண்ணன்.

"ஒண்ணும் ஆவாதுண்ணா. நான் கணக்கு பண்ணிட்டேன்" என்றேன். இயற்பியல் பேசிய பிறகு அவனால் என்ன சொல்ல முடியும்?

மறுநாள் அவனுக்குப் பெண் பார்க்கத் திண்டிவனம் போனோம். போட்டோவிலேயே பெண்ணை அவனுக்குப் பிடித்துவிட்டது. பஸ்ஸில் டிக்கெட்டை எடுப்பது போல அடிக்கடி அதை எடுத்துப் பார்த்துக்கொண்டே வந்தான்.

"அந்த வீட்ல பல்லி சொல்றத ரொம்ப நம்புவாங்களாம். நீ வாய மூடிக்கினு வா" என்றாள் அம்மா.

"ஏம்மா, பல்லியா வந்து நிச்சயம் பண்ணப் போவுது?" என்று நான் சிரித்த சிரிப்பில் முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

நீளமான கூடம், சின்ன ஜன்னல். சுவரில் பெண்ணின் தாத்தா படம், மாலையோடு. எங்கே உட்கார்ந்தாலும் அவர் என்னையே பார்த்தார். கடிகாரம் எல்லோர் கண்ணிலும் படட்டும் என்று மணிக்கட்டைத் திருப்பி வைத்துக்கொண்டேன். ஒருவர்கூடப் பார்க்கவில்லை. அப்போதுதான் கரண்ட் போனது. ஃபேன் முனகி நின்றது. பட்டப்பகலில் கூடம் இருண்டது.

பெண்ணின் பெரியப்பா படத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "அப்பா இருந்தா இந்த எடத்தப் பத்தி இன்னா சொல்லியிருப்பாரோ."

தச் தச் தச்.

பெரியப்பா விரலால் தரையைத் தட்டிக்கொண்டார். எல்லோரும் சுவரை அண்ணாந்து பார்த்தார்கள். பல்லி எதுவும் இல்லை.

"தெக்காலருந்து சொல்லுது. நல்லதில்லியே" என்றாள் பெண்ணின் அத்தை.

அண்ணன் முகம் வெளுத்தது. நான் (இயற்பியல்!) மெதுவாக அம்மாவின் அந்தப் பக்கம் நகர்ந்தேன்.

"வேணாங்கிறியாப்பா?" என்று பெரியப்பா படத்தைக் கேட்டார்.

தச் தச் தச்.

"ஐயோ, இப்ப கெழக்கால!" அத்தை கத்தினாள். "வெள்ளையடிச்சதுலருந்து நம்ம வீட்ல பல்லியே கெடையாதே!"

நான் வாசல் பக்கம் நகர்ந்தேன். அங்கேயும் தச் தச் தச். நான் போகிற இடமெல்லாம் தாத்தா வந்தார். நியூட்டனை விட்டுவிட்டு மாரியாத்தாவைக் கூப்பிட ஆரம்பித்தேன்.

பெரியப்பா எழுந்தார். "தப்பா நெனச்சிக்காதீங்க. பெரியவரு உத்தரவு குடுக்கல." அண்ணன் தரையைப் பார்த்தான். சட்டைப்பையில் போட்டோ இருந்த இடத்தை அவன் கை ஒருமுறை தொட்டு இறங்கியது.

அந்த நேரத்தில் பெண், சங்கீதா, காபித் தட்டோடு வந்தாள். நான் காபிக்குக் கை நீட்டினேன். தச் தச் தச். அவள் குனிந்து என் மணிக்கட்டில் காதை வைத்தாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்:

"பெரீப்பா, தாத்தா இந்தப் பொண்ணு கையில இருக்காரு."

அண்ணன் பாய்ந்து வந்தான். "அறுத்துத் தர்றேன்னு சொன்னேனா இல்லியாடி!" அந்த வீட்டில் மாப்பிள்ளை வாய் திறந்து பேசிய முதல் வாக்கியம் அது. மணிக்கட்டைத் திருப்பும்போதெல்லாம் விநாடி முள் அந்த நீளத் திருகாணியில் மாட்டி அடித்துக்கொண்டிருந்திருக்கிறது. அவன் கடிகாரத்தைக் கழற்றி, நகத்தால் மூடியைத் திறந்து, பேட்டரியை என் உள்ளங்கையில் வைத்தான். முள் நின்றது. சங்கீதா தட்டைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு சிரித்தாள்.

பெரியப்பா மறுபடி உட்கார்ந்தார். "அப்போ அப்பா ஒண்ணும் சொல்லல. முடிச்சிடலாமா?"

தச் தச் தச்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பேட்டரியைத் தூக்கிக் காட்டினேன். சத்தம் தாத்தா படத்துக்குப் பின்னாலிருந்து வந்திருந்தது.

"வடக்கால" என்றாள் அத்தை, குரலே எழும்பாமல். "நல்ல சொல்லு." படத்தை நகர்த்திப் பார்க்க யாரும் எழவில்லை.

சங்கீதா இப்போது என் அண்ணி. ஃபிரிட்ஜ் வாங்குவதென்றாலும் சரி, ஊருக்குப் போவதென்றாலும் சரி, "கலை, கைய நீட்டு, தாத்தா இன்னா சொல்றாருன்னு கேப்போம்" என்பாள். வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன். கடிகாரம் பேட்டரி இல்லாமல் அலமாரியில் கிடக்கிறது. அந்த அலமாரியைக் கடக்கும்போது மட்டும், மனதுக்குள் எந்தக் கேள்வியும் கேட்டுக்கொள்ளாமல் நடந்துவிடுவேன்.