சாம்பிள்படி நான்

மனிதன் தன்னைத் தானே அறிந்துகொண்டது 1979இல் என்று நினைக்கிறேன், எண்பதாகவும் இருக்கலாம். என் ஞாபகத்தை நம்பிச் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் இடத்தில் சந்தேகமில்லை: ஆம்பூரில் எங்கள் பள்ளியின் கைத்தொழில் அறை.

மேலிடத்து உத்தரவு வந்திருந்தது. ஒவ்வொரு மாணவரும் ‘நான் யார்’ என்பதை ஒரு பொருளாகச் செய்து காட்ட வேண்டும், வேலூரில் கண்காட்சி. கைத்தொழில் ஆசிரியர் சுந்தர்ராஜ் சார், முன்பு ஷூ கம்பெனியில் சரக்கைச் சோதித்துத் தள்ளும் பிரிவில் இருந்தவர். ஆத்ம விசாரத்துக்கு வேறென்ன தகுதி வேண்டும்? அவர் ஒரு தோல் பர்ஸ் தைத்து, கையெழுத்துப் போட்டு, ஆணியில் மாட்டினார்.

“அவங்கவங்க மனசுக்குள்ள தேடிப் பாருங்க. கண்டுபிடிக்கிறது இந்தச் சாம்பிள் மாதிரி இருக்கணும். ஒரு தையல் கம்மின்னாலும் ரிஜெக்ட்.”

தேடினோம். எல்லோருக்குள்ளும் பர்ஸே இருந்தது.

சைராவுக்குள் மட்டும் செருப்பு இருந்தது. அவளுக்கு வலது கால் ஒரு நம்பர் பெரிது. கடைச் செருப்பு ஒரு காலைக் கடிக்கும். இல்லையென்றால் மறு காலிலிருந்து கழன்று ஓடும். காலுக்குச் சரியான செருப்பை அவள் போட்டதே இல்லை. துண்டுத் தோலில் இடதுக்கு ஐந்து, வலதுக்கு ஆறு என்று தானே வெட்டித் தைத்திருந்தாள்.

“இன்னாம்மா இது, ஜோடி சேரலையே?”

“என் காலே அப்பிடித்தான் சார்.”

“கால் எப்பிடியோ இருந்துட்டுப் போகுது. ஜோடி சரியா இருக்கணும்.”

“அப்போ காலை இன்னா சார் பண்றது?”

சார் செருப்பைத் தூக்கித் தையலை ஒவ்வொன்றாக எண்ணினார். ஆழ்ந்த கேள்விகளுக்கு அவர் அப்படித்தான். பிறகு, “ரிஜெக்ட்” என்றார்.

“பேஜார் பண்ணாதடீ, ஒரு பர்ஸ் தெச்சுக் குடுத்துட்டுப் போயேன்” என்று கிசுகிசுத்தாள் பக்கத்திலிருந்த கிரேஸி.

“நான் இன்னா பர்ஸாடீ?”

வேலூரில் எங்களுக்கே முதல் பரிசு, ‘தனித்தன்மை’க்காக. பர்ஸ்கள் ஒரே சாக்கில் திரும்பி வந்தன. எது யாருடையது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. கைக்கு வந்ததை ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டோம்.

சுந்தர்ராஜ் சார் தலைமையாசிரியராகி ஓய்வு பெற்றார். கிரேஸி நர்ஸானாள். நான் ஷூ கம்பெனியில் ஜோடி சேராததைத் தள்ளிக்கொண்டிருக்கிறேன். யாருடைய பர்ஸோ இன்னும் என் சட்டைப் பையில் இருக்கிறது.

சைரா அந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டு நொண்டாமல் வீட்டுக்கு நடந்தாள். தன்னுடையது எது என்று சொல்லத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அந்தப் பாடத்தில் அவள் தேறவில்லை.

மற்ற எல்லோரும் தேறினோம்.