எட்டடிக்கு ஏழடி உன்னதம்

இனிமேல் தூரிகையைத் தொடுவதில்லை என்று தலைமை எழுத்தர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சபதம் எடுத்தார். தூரிகைக்கு அதில் வருத்தம் இருந்திருக்காது. ஆறு மாதமாக அவரிடம் மாட்டிக்கொண்டு அது பட்ட பாடு அதற்குத்தான் தெரியும்.

எல்லாம் முந்தின நாள் சந்தித்த தாடிக்காரரின் உபயம். ஓவியக் கண்காட்சி நடத்துகிறவர். "வண்ணம் பூசறவன் பெயிண்டர். கிடைச்சதையெல்லாம் அப்பறவன்தான் கலைஞன். அளவு மீறணும் சார்" என்று சொன்னதோடு நிற்காமல், அடுத்த கண்காட்சியில் ஓர் இடமும் தருவதாகச் சொல்லிவிட்டார். கோப்பில் ஒரு கமா கூடுதலாக விழுந்தாலே திருப்பி அனுப்புகிற நம்மாளுக்கு, அளவு மீறலாம் என்ற அனுமதி அப்படியே தலைக்கேறிவிட்டது. திங்கட்கிழமையே மேலதிகாரி முதல் வாசல் காவலாளி வரை அலுவலகத்தில் அத்தனை பேரையும் கண்காட்சிக்கு அழைத்தாயிற்று.

மனைவி தையற்காரி. கூடத்து மூலையில்தான் மெஷின். அளவு கொடுக்க வருகிற பெண்கள், எதிரே கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிற இவரைப் பார்த்ததும் "அப்புறம் வரேங்க" என்பார்கள். போனவர்கள் போனவர்கள்தான். மூன்று வருஷமாக அவள் கேட்டது ஒன்றே ஒன்று. கூடத்து நடுவில் ஒரு தடுப்பு.

"கூடம்னா கூடமா இருக்கணும்" என்பார் இவர். "நடுவுல சுவர் எழுப்பினா எனக்கு மூச்சு முட்டும்."

அப்படிப்பட்டவள் சபதத்தைக் கேட்டுவிட்டு, கழுத்தில் தொங்கிய அளவு நாடாவோடு எழுந்து வந்தாள்.

"என்னங்க, பெரிய கலைஞருங்க சின்னதாவா செய்வாங்க?"

"எவ்வளவு பெரிசுங்கறே?"

"எட்டடி உயரம், ஏழடி அகலம்."

"அவ்வளவா?"

"உங்க திறமைக்கு அதுவே பத்தாது."

இதைக் கேட்ட பிறகு எந்தக் கணவன் நிதானத்தில் இருப்பான்? தச்சரை அவளே வரவழைத்தாள். கனத்த பலகை, தடித்த சட்டம், அடியில் அகலமாக இரண்டு கால்கள். சுவரோரம் நிறுத்தப் போனவரை, "தள்ளி நின்னு பார்க்கணுமே, நடுவுல இருக்கட்டும்" என்று தடுத்தாள். இவளுக்கும் கலைக்கண் திறந்துவிட்டதே என்று மனிதர் உருகிப்போனார்.

அப்புறம் ஆரம்பித்தது அப்பல். டைல்ஸ் ஒட்டுகிற பசை முதலில் ஒரு மூட்டை, பிறகு நாலு மூட்டை. அதன்மேல் மரத்தூள், காப்பித்தூள், முட்டை ஓடு, துருப்பிடித்த ஆணி, உடைந்த தட்டு, சைக்கிள் செயின். ஒரு நாள் ஆவேசத்தில் பழைய செருப்பு ஒன்றையும் ஒட்டினார். மறுநாள் அலுவலகத்துக்குக் கிளம்பும்போதுதான் அது பழையதில்லை என்று தெரிந்தது.

"என்னங்க இது?" என்று கேட்டாள் மனைவி.

"மனிதகுலத்தின் தவிப்பு."

"பலகை சேர்ற இடத்துல தவிப்பு கொஞ்சம் மெலிசா இருக்கே. இடுக்கு தெரியுது."

"இரு, இன்னொரு கை அப்பறேன்."

"பின்பக்கம் மட்டும் ஒண்ணும் பூசிடாதீங்க. வழவழன்னு இருக்கட்டும்."

"அது ஏன்?"

"முன்னாடி இவ்வளவு தவிக்குது. பின்னாடியாவது நிம்மதியா இருக்க வேண்டாமா?"

என்ன தத்துவம் என்று தாடிக்காரருக்கே போன் போட்டுச் சொன்னார். சொல்லாமல் இருந்தால்தான் அதிசயம்.

கண்காட்சி நாளன்று சுமைகூலிகள் நாலு பேர் வந்தார்கள். நிமிர்த்தினால் தலை இடித்தது. சாய்த்தால் கால் இடித்தது. வாசலோ ஆறரையடி. ஊரார் கோப்பில் ஒற்றைப் புள்ளி விடுபட்டாலும் கண்டுபிடிக்கிற மகானுபாவர், தன் வீட்டு வாசல் எத்தனை அடி என்று ஒருநாளும் பார்த்ததில்லை.

"சார், இதை நிறுத்திட்டு அப்புறம் வீட்டைக் கட்டினீங்களா?" என்று கேட்டார் கூலிகளில் மூத்தவர். "ரெண்டா அறுத்தா கொண்டுபோயிடலாம்."

"என்னை அறு. இதை அறுக்காதே."

அறுக்க வேண்டியது எது என்பதில் மூத்தவருக்குச் சந்தேகம் இருந்ததாகத் தெரியவில்லை. இருந்தாலும் மரியாதைக்குப் பேசாமல் ஆட்களோடு கிளம்பினார். போனில் தாடிக்காரர் அலட்டிக்கொள்ளவே இல்லை. "பரவால்லை சார். இன்னொருத்தர் துடைப்பம் ஒட்டியிருக்கார், அந்த இடத்துல அதை மாட்டிக்கறேன்" என்றார். கண்காட்சிக் கூடத்தில் மேலதிகாரி துடைப்பத்தின் எதிரே நின்று இவருடைய பெயரைத் தேடப்போவதை நினைத்து, தலைமை எழுத்தர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"விடுங்க" என்றாள் மனைவி. "அங்கே போனா ஒரு வாரம். இங்கேயே இருந்தா காலத்துக்கும் இருக்கும்."

அந்த ஆறுதலில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. முகம் கழுவிக்கொண்டு திரும்பி வந்தால், தையல் மெஷின் ஓவியத்துக்குப் பின்னால் போயிருந்தது. வழவழத்த பலகையில் ஆளுயரக் கண்ணாடியும் கத்தரிக்கோலும் தொங்கின. ஓவியத்துக்கும் சுவருக்கும் நடுவே மிச்சமிருந்த இரண்டரை அடியில் ஒரு திரைச்சீலை. அங்குலம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"இதை எப்ப தச்சே?"

"போன மாசம்."

"போன மாசமேவா? அப்ப, இது வாசல்ல நுழையாதுன்னு உனக்கு…"

"அளவெடுக்கறதுதானேங்க என் தொழிலே."

அதற்குள் வாசலில் ஒரு பெண். அவள் இவரையும் பார்த்தாள், திரைச்சீலையையும் பார்த்தாள். "அப்புறம் வரேங்க" என்று சொல்லவில்லை. நேராக உள்ளே போனாள். இந்தப் பக்கம் தன் நாற்காலியில் உட்கார்ந்து, ஒட்டிய செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தவர் காதில் பேச்சு தெளிவாக விழுந்தது.

"தடுப்பு உறுதியா இருக்கே அக்கா. எந்தக் கொத்தனார்?"

"எங்க வீட்டுக்காரர்தான். பூச்சு இன்னும் கைக்கு வரலை. போகப் போகக் கத்துக்குவாரு."