மாப்பிள்ளையில் பாதியைக் காணோம்

தலைவலியை யாரும் மதிப்பதில்லை. கையை உடைத்துக்கொண்டு வந்தால் ஊரே கூடும், தலைவலி என்றால், “சுக்கு உரசிப் போட்டியா?” என்று கேட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். எனக்கு வருவது சுக்குக்கு அடங்குகிற ரகம் இல்லை. அதைப் பெண் பார்க்க வந்தவர்கள் முன்னாலா நான் நிரூபிக்க வேண்டும்?

உலகச் சண்டை முடிந்த மறுவருஷம். தூத்துக்குடித் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்த அந்தோணி என்னைப் பார்க்க வந்தார். கூடவே அவருடைய அத்தையும், அப்பா தொம்மையும். தொம்மை மாமா பழைய சங்குகுளி. கடலுக்குள் மூழ்கிச் சங்கு எடுத்தவர். ஏற்கெனவே எனக்கு இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. இதுவும் போனால் தங்கச்சிக்கு முதலில் முடித்துவிடுவது என்று வீட்டில் பேச்சு. (அவள் அதற்குள் பவுடர் போட ஆரம்பித்திருந்தாள்.)

காப்பி கொடுத்துவிட்டுப் பாயில் உட்கார்ந்தேன். கண் ஓரத்தில் ஒரு வெளிச்சம் நெளிந்தது. ரம்பப் பல் மாதிரி மினுங்கிக்கொண்டே பெரிதாகி, மாப்பிள்ளையின் முகத்தில் பாதியை விழுங்கிவிட்டது. எனக்குத் தெரிந்தது ஒரு காதும் அரை மீசையும்தான். (அதுவரைக்கும் குறையில்லை.) பெரியவர்கள் பேசி முடிப்பதற்குள் வெளிச்சம் போய், இடது பொட்டில் மட்டும் விண்விண்ணென்று தெறித்தது. காப்பி வாசமும் தலையில் வைத்த பிச்சிப்பூ வாசமும் வயிற்றைப் புரட்டின. ஜன்னல் வெளிச்சம் தாங்காமல் ஒரு கண்ணை மூடிக்கொண்டேன்.

“பிள்ளைக்கு ஒரு கண்ணு தெரியாதோ?” என்றாள் அத்தை.

அம்மா பதறிப்போய், “கண்ணெல்லாம் நல்லாத் தெரியும். என்னளா செய்யுது?” என்று கேட்டாள்.

“ஒரு பக்கமாத் தலை வலிக்கும்மா” என்றேன்.

தொம்மை மாமா முகம் மலர்ந்தது. தலைவலி அவர் ராஜ்யம். “இது குளியாளுக்கு வார வலில்லா! தலைக்குள்ள காத்து அடைச்சுக்கிட்டு நிக்கி. ஏளா, மூக்க இறுக்கிப் பிடி, வாய மூடு, காது வழியாக் காத்து போவுத மாதிரி முக்கி ஊது!”

கடலில் கால்கூட நனைத்ததில்லை என்று நான் சொல்லியிருக்கலாம். மாமனாராகப் போகிறவர் பேச்சை முதல் நாளே தட்டலாமா? பட்டுச்சேலையோடு மூக்கைப் பிடித்து ஊதினேன். காது அடைத்து வருகிற வலி அதில் விட்டிருக்கும். என் வலியோ குனிந்தாலே கூடுவது, ஊதினால் கேட்க வேண்டுமா? அடுத்த நிமிஷம் வயிற்றில் இருந்ததெல்லாம் மாமாவின் புது வேட்டியில்.

அம்மா அழுதுவிட்டாள். நானும் அழுதேன். மாப்பிள்ளைதான் எழுந்து ஜன்னலைச் சாத்தினார்.

“எங்க ஆபீஸ் துரைக்கும் இப்படித்தான் வரும். மைக்ரேன்னு சொல்லுதாரு. இருட்டுல படுத்து உறங்கினாத்தான் தீரும், விடுங்க” என்றார்.

சாயங்காலம் விழித்தபோது வலி இல்லை. அவர்களும் இல்லை. தங்கச்சி என் பிச்சிப்பூவை எடுத்துத் தலையில் வைத்திருந்தாள்.

மறுநாள் காலையில் தொம்மை மாமா பெரிய சீலா மீனோடு வந்து நின்றார். “சொன்ன உடனே ஊதினா பாத்தியளா! இந்தக் காலத்துல எந்தப் பிள்ளை பெரியவுக பேச்சக் கேக்குது? கலியாணத்துக்கு நாள் குறிங்க.”

கல்யாணத்துக்குப் பிறகு, எனக்கு வலி வந்தால் இவர் ஜன்னலைச் சாத்துவார். வீட்டை அமைதியாக வைக்கும் பொறுப்பை மாமா எடுத்துக்கொண்டார். மூழ்கி மூழ்கிக் காது போனவர். தன் குரல் தனக்கே கேட்காது. வாசலில் நின்று, “ஏலே, ஒருத்தரும் சத்தம் போடாதிய! மருமவளுக்கு ஒத்தத் தலைவலி!” என்பார். கடற்கரையில் வள்ளம் தள்ளுகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

மாமா காலமாகிப் பல வருஷமாயிற்று. இன்றும் நான் கண்ணை மூடிப் படுத்தால், பேரன் வாசலுக்குப் போய் அதே குரலில் கத்துகிறான். சிரித்தால் வலி கூடுகிறது. சிரிக்காமலும் இருக்க முடியவில்லை.