மை பூசிய நோட்டீஸ்

திண்டிவனம் அச்சகத்திலிருந்து ஐந்நூறு நோட்டீசும் வந்து இறங்கிய பிறகுதான் அற்புதராஜ் வாத்தியாருக்கு அகராதியைப் புரட்டத் தோன்றியது. 'அந்தோணியார் தேர்த் திருவிழா அமர்க்களமாக நடைபெறும்' என்று எழுதிக் கொடுத்தவர் அவரே. அகராதியோ, அமர் என்றால் போர், அமர்க்களம் என்றால் போர்க்களம், கொண்டாட்டம் என்பதெல்லாம் பிற்பாடு வந்த பொருள் என்றது.

அவருக்கு வியர்த்துவிட்டது. உப்பளத்தில் வேலை செய்யும் இன்னாசியம்மாளின் ஒரே மகன், பட்டாளத்திலிருந்த இராயப்பன், எழுபத்தொன்று டிசம்பர் யுத்தத்தில் இறந்து ஆறு மாதம்தான் ஆகிறது. அந்தத் தாயின் கையில் இதையா கொடுப்பது? அவளுக்குப் படிக்கத் தெரியாது என்பது அந்தப் பதற்றத்தில் அவருக்கு நினைவு வரவில்லை.

உட்கார்ந்து ஐந்நூறிலும் அந்த வார்த்தைக்கு மை பூசினார். மறைத்ததைச் சும்மா விடுவார்களா? ஊரே நோட்டீசை வெயிலில் தூக்கிப் பிடித்துப் படித்தது. வந்து கேட்டவர்களுக்கெல்லாம் வாத்தியார் பொறுமையாகப் பதம் பிரித்து விளக்கினார். அதன் பிறகு டீக்கடையில் வடை தின்பவர்கூட இன்னாசியம்மாளைக் கண்டால் பேச்சை நிறுத்திக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

"இவ்ளோ தெரிஞ்சப்புறம் அந்தம்மா வாசலாண்ட எப்படி சார் மேளம் அடிக்கிறது?" என்றார் கோயில் கமிட்டி கஸ்பார்.

வாத்தியார் அதற்கும் வழி சொன்னார். தேர் உப்பளத் தெருவுக்குள் போகாமல் சந்தையோடு திரும்பிவிடட்டும் என்றார். எல்லோருக்கும் அது சரியாகப் பட்டது. அவருக்குத் தன்மேல் கொஞ்சம் மதிப்புக்கூட உண்டானது.

திருவிழா மாலை, தேர் சந்தையில் திரும்பியதும் அவர் மட்டும் அந்தத் தெருவை எட்டிப் பார்க்கப் போனார். இன்னாசியம்மாள் வாசல் தெளித்து, தேர்மேல் இறைப்பதற்கு முறம் நிறைய உப்பும் மிளகுமாக நின்றுகொண்டிருந்தாள். வருஷா வருஷம் செய்கிற நேர்த்திக்கடன். தேர் இந்தப் பக்கம் வராது என்று அவர் சொன்னார்.

அவள் முறத்தைக் கீழே வைக்கவில்லை.

"'ஜூன்ல லீவு, வந்து தேர அமர்க்களமா இழுக்கணும்மா'ன்னு அவன் கடைசியா எழுதின கடுதாசிய நீங்கதானே சார் எனக்குப் படிச்சுக் காட்டுனீங்க. புள்ளதான் வரல. தேருமா வராது?"