மாடியில் ஒரு காவல்காரன்

இனிமேல் மாடிப்படி ஏறுவதில்லை என்று ஃபயர்வால் சார் அன்று சாயங்காலம் முடிவு கட்டினார்.

செருப்புக் கம்பெனிக் கிடங்கில் அவர் மேலாளர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆனால் யார் எதைப் பேசினாலும், "எங்க வீட்ல லினக்ஸ் ஃபயர்வால் போட்டிருக்கேன், தெரியுமா?" என்று நுழைந்துவிடுவார். அதனால் கிடங்கில் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. பகல் முழுக்கச் செருப்புப் பெட்டிகளோடு மல்லாடிவிட்டு வந்து, சாய்வு நாற்காலியில் விழுந்து கண்ணை மூடுவதுதான் அவருக்குச் சொர்க்கம். அந்தச் சொர்க்கத்துக்குத்தான் இப்போது ஆபத்து வந்திருந்தது.

"என்னங்க! நெட் போச்சு!"

மனைவி கூடத்திலிருந்து கூப்பிட்டாள். பதிப்பகம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே, கூடத்துக் கம்ப்யூட்டரில் பிழை திருத்தித் தருகிறாள். கல்யாணத்துக்கு முன் அச்சகத்தில் ஒருத்தி கமா, முற்றுப்புள்ளி உட்பட வாய்விட்டுப் படிக்க, இவள் கேட்டுக்கொண்டே திருத்துவாளாம். இப்போது எல்லாம் இணையத்தில் வந்து இணையத்தில் போகிறது.

இணையத்தைக் கொண்டுவருவது மாடியில் இருக்கும் பழைய கம்ப்யூட்டர். டெலிபோனில் டயல் செய்து இணைப்பு வாங்கும். கண்டவன் உள்ளே நுழையாமல் வாசலில் நிற்கும். அதற்கு அவர் வைத்த செல்லப்பெயர் காவல்காரன்.

காவல்காரன் நல்லவன்தான். ஒரே ஒரு கோளாறு. லைன் அறுந்தால் தானே மறுபடி டயல் செய்துவிடுவான். ஆனால் ஒவ்வொரு தடவையும் இணையக் கம்பெனி வீட்டுக்கு ஒரு புது முகவரி எண்ணைக் கொடுத்துத் தொலைக்கும். இவன் கையில் இருப்பதோ பழைய எண். புது எண்ணைத் தேடி வருகிற எல்லாரையும், வீட்டுக்காரி கேட்டு வரவழைத்த கடிதத்தைக்கூட, "யார் நீ?" என்று மறித்துவிடுவான். யாராவது மேலே போய் ஃபயர்வால் விதிகளைப் புது எண்ணோடு திரும்ப ஓட்ட வேண்டும். அந்த யாராவது எப்போதும் இவர்தான். கூடத்திலிருந்தே காவல்காரனுக்குள் போகலாம்தான்; ஆனால் பிறர் கண்ணெதிரே பாஸ்வேர்ட் தட்ட அவர் ஒப்பமாட்டார்.

"நானே போய் ஓட்டிடறேனே. பாஸ்வேர்ட சொல்லுங்க."

"பாஸ்வேர்டா? அத பெத்த தாய்க்கே சொல்லக் கூடாது."

"அப்ப ஏறுங்க."

ஏறினார். மூச்சு வாங்கியது. இந்த மூச்சுக்காகத்தான் போன மாதம் டாக்டரிடம் போனார். "தினமும் நடங்க, படி ஏறி இறங்குங்க" என்றார் டாக்டர். "காரணமே இல்லாம ஏறி இறங்க எனக்கென்ன பைத்தியமா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டார்.

மேலே உட்கார்ந்து தட்டினார். ஒவ்வொரு எழுத்தையும் சத்தமாகச் சொல்லிக்கொண்டே தட்டுவது அவர் வழக்கம். கிடங்கில் பெட்டி எண்களைக் கூவிக் கூவிச் சரிபார்த்து வந்த பழக்கம்.

அன்று அவர் உடனே இறங்கிவிடவில்லை. இணைப்பு கிடைத்ததும் தானாக ஓடுகிற கோப்பு ஒன்று உண்டு. அதில் ஃபயர்வாலைக் கூப்பிடும் வரி ஒன்றைச் சேர்த்தார். லைன் எத்தனை தடவை அறுந்தாலும், புது எண் வந்த கையோடு விதிகளும் புதிதாகிவிடும். மனிதன் ஏற வேண்டாம். மீசையை முறுக்கிக்கொண்டு இறங்கி வந்து மனைவியிடம் விளக்கினார். விளக்காமல் எப்படித் தூக்கம் வரும்?

"அந்த வரிக்கு மேல ஒரு குறிப்பும் எழுதி வச்சிருக்கேன். வரிக்கு முன்னாடி # போட்டுட்டா மெஷின் அதப் படிக்கும், ஆனா கண்டுக்காது."

"ஓ. நான் சொல்றத நீங்க கேக்கற மாதிரி."

அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை. நாற்காலியில் சாய்ந்தார். லைன் அறுந்தது, தானே வந்தது. யாரும் கூப்பிடவில்லை. சொர்க்கம்!

மறுநாள் சாயங்காலம், செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"என்னங்க! நெட் போச்சு!"

அப்புறம் தினமும் அதே பாட்டு. முன்னைவிட அதிகமாகவே அறுந்தது. கோப்பைத் திறந்து பார்க்கக்கூடத் தெம்பில்லாமல், கையாலேயே விதிகளை ஓட்டிவிட்டு இறங்குவார். உட்கார்வார். மறுபடி கூப்பிடுவாள். அலுத்துப்போய் டெலிபோன் ஆபீசில் புகார் கொடுத்தார். லைன்மேன் வந்து பார்த்தார்.

"லைன் தங்கம் சார். நெட்டுல இருக்கறப்ப கீழ யாராவது போன எடுத்தாதான் அறும்."

"எங்க வீட்ல யாரு எடுக்கப் போறா?" என்றார் சார். போன் இருந்த சமையலறையில், தேய்த்த பாத்திரத்தையே மனைவி திரும்பவும் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

இதற்கிடையில் இடுப்பில் பேண்ட் நிற்க மறுத்தது. டாக்டர் பரிசோதித்துவிட்டு அசந்துபோனார்.

"பிரமாதம்! என்ன பண்றீங்க?"

"ஒண்ணும் பண்ணல டாக்டர். நல்லா ரெஸ்ட் எடுக்கறேன்."

கூட வந்திருந்த மனைவி மின்விசிறியைப் பார்த்தாள்.

கடைசியில் ஒரு விடுமுறை நாளில், ஒரு தூக்கம் போட்டு எழுந்த தெம்பில், அவர் அந்தக் கோப்பைத் திறந்தார். அவர் எழுதிய வரி அப்படியே இருந்தது. அதற்கு முன்னால் ஒரு # இருந்தது.

எவனோ உள்ளே புகுந்துவிட்டான்! உள்ளே வந்தது யார் என்று காவல்காரனையே கேட்டார். பதில் உடனே வந்தது: கூடத்துக் கம்ப்யூட்டர்.

வெளியே பார்த்துக் காவல் காப்பவனுக்கு வீட்டுக்காரியைத் தடுக்கத் தெரியவில்லை. மெதுவாக இறங்கி வந்தார்.

"நீயா?"

"நான்தான்."

"போன எடுத்து எடுத்து வச்சது?"

"அதுவும்தான்."

"ஏம்மா, நான் என்ன பாவம் பண்ணேன்?"

"அன்னிக்கு வாசப்படியில மூச்சு வாங்கி உக்காந்தீங்களே, எனக்கு உயிரே போயிடுச்சு. நடங்கன்னு சொன்னா நடந்தீங்களா? நெட் போச்சுன்னா ஓடறீங்க. இப்ப மூச்சு வாங்குதா?"

அவர் மூச்சை இழுத்துப் பார்த்தார். வாங்கவில்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. கொஞ்சம் நெகிழ்ச்சியாகவும் இருந்தது. அதைக் காட்டிக்கொண்டால் மரியாதை என்ன ஆவது?

"பாஸ்வேர்டு எப்படித் தெரிஞ்சுது?"

"தெரிஞ்சுது."

"இப்பவே மாத்தறேன். இனிமே அது எனக்கு மட்டும்தான் தெரியும்!"

"மாத்துங்க. மாடிக்குப் போய்த்தானே மாத்தணும்?"

விறுவிறுவென்று ஏறினார். கதவைச் சாத்தினார். ஜன்னல் வழியாக யாரும் பார்க்கவில்லையே என்று எட்டிப் பார்த்துக்கொண்டார். நீளமான, யாராலும் ஊகிக்க முடியாத ஒரு பாஸ்வேர்டை, எழுத்து எழுத்தாக, நிறுத்தி நிதானமாகத் தட்டி முடித்துவிட்டு, அப்பாடா என்று சாய்ந்தார்.

கீழேயிருந்து குரல் வந்தது.

"என்னங்க! அந்தக் கடைசி எழுத்து பெரிசா, சின்னதா? சரியா காதுல விழல!"