அர்ஷியாவுக்குச் சாயங்கால வகுப்பு

மேலப்பாளையம்
11.11.1997

பாசமுள்ள தம்பி அசன் மைதீனுக்கு லாத்தா மைதீன் பாத்திமாவின் ஸலாம். தம்மாமில் நீ வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க துஆ கேட்கிறேன். நான் சுகம் என்று எழுதினால் பொய். சுகமில்லை என்று எழுதினால் லீவு போட்டுக்கொண்டு ஓடி வருவாய். அதனால் இருக்கிறேன் என்று மட்டும் எழுதுகிறேன்.

உன் மச்சான் மவுத்தாகி மூன்று மாதம் ஆகிறது. இத்தா முடிய இன்னும் நாற்பது நாள். அதுவரை வாசற்படி தாண்டாமல், அந்நிய ஆம்பிளை முகம் பார்க்காமல் இருக்க வேண்டும் என்பதால், திரைச்சீலைக்கு அந்தப்பக்கம் என் குரல் மட்டும்தான் போய் வருகிறது. அந்தக் குரலால் வந்த வம்பைத்தான் எழுதுகிறேன்.

உன் மருமகள் அர்ஷியாவுக்குக் காலேஜில் அடுத்த செமஸ்டருக்கு ஒரு பாடம் கூடுதலாக எடுக்க வேண்டுமாம். கம்ப்யூட்டர் அல்லது சமையல்கலை. சமையல் என்றால் மத்தியானமே வீட்டுக்கு வந்துவிடலாம். கம்ப்யூட்டர் என்றால் வாரத்தில் மூன்று நாள் சாயங்கால வகுப்பு, வண்ணார்பேட்டையில் பஸ் மாறி வீடு வர ஆறரை ஆகும். கம்ப்யூட்டர் கம்ப்யூட்டர் என்று போன வருஷமெல்லாம் அவள் வாப்பாவின் காதைத் தின்றவள், இப்போது சமையல்தான் பிடிக்கும் என்கிறாள். அவள் வைத்த ரசத்தை நீ குடித்திருக்கிறாய். ஃபாரத்தில் 'தகப்பனார் கையெழுத்து' என்று ஒரு கோடு வேறு. அதைப் பார்த்துவிட்டு அன்றைக்கு இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

அவள் வாத்தியார் குமரகுருபரன் சார் நல்ல மனுஷர். "உங்க அம்மா வரவேண்டாம், நானே வீட்டுக்கு வந்து கையெழுத்து வாங்கிக்கிடுதேன்" என்று சொல்லி அனுப்பினார். சொன்னபடி பதினோரு மணிக்கு வாசலில் "வீட்ல யாரும்மா?" என்று சத்தம். "வாங்க சார், உங்களைத்தான் எதிர்பார்த்துக்கிட்டு இருக்கேன், நாற்காலியில இரிங்க" என்றேன். "எனக்கா நாற்காலி?" என்றார். படித்த மனுஷருக்கு என்ன பணிவு என்று நினைத்துக்கொண்டு, "சார், எம்மவ சமையல்னு சொல்லுவா, நம்பாதீங்க, கம்ப்யூட்டர்ல போட்டுருங்க, அவ வாப்பா இருந்தா அவுகளே கூட்டியாந்து சேர்த்திருப்பாக" என்று சொல்லும்போதே அழுதுவிட்டேன். அந்தப்பக்கமும் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். "அழாதீங்கம்மா, புள்ள கம்ப்யூட்டரே படிக்கட்டும், யாரு வேண்டாம்னா?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கையெழுத்து வாங்காமல் போகிறாரே என்று யோசிப்பதற்குள் இன்னொருவர் வந்து, "அம்மா, இருக்கீங்களா?" என்றார். கரண்டு கணக்கு எடுக்கிற பாக்கியசீலன் வருகிற நாள் என்பதால், "மீட்டர் கதவுக்குப் பின்னால இருக்கு, அட்டையில எழுதிட்டுப் பைய கதவைச் சாத்திட்டுப் போங்க" என்றேன்.

சாயங்காலம் அர்ஷியா வந்து, "சாரை மீட்டர் பாக்கச் சொன்னியாமே?" என்றாள். அழுதது பாக்கியசீலன். வந்த வேலையை மறந்து போயிருக்கிறார். துக்கத்தில் இருக்கிறவளை மறுத்துப் பேசக் கூடாது என்று சார் அட்டையில் சிவப்பு மையால் ரீடிங் எழுதி, சுழித்துக் கையெழுத்தும் போட்டிருக்கிறார். அதைப் பார்த்து அர்ஷியா சிரித்தாள், தம்பி. மூன்று மாதத்தில் முதல் சிரிப்பு. நானும் சிரித்தேன். பிறகு தப்புப் பண்ணியவர்கள் மாதிரி இரண்டு பேரும் நிறுத்திக்கொண்டோம்.

"ஏன்ட்டி கம்ப்யூட்டர் வேண்டாங்குதே?" என்று கேட்டேன்.

"ஆறரை வரைக்கும் ஒத்தையில கிடந்து அழுவியேம்மா."

"நீ மத்தியானமே வந்தா ரெண்டு பேரும் சேர்ந்துல்லா அழணும்? போ, படி."

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தனுப்பினால் போதும் என்று சார் சொல்லிவிட்டாராம். ஃபாரத்தில், அந்தக் கோட்டின் மேல் என் பெயரை ஒவ்வொரு எழுத்தாக எழுதிவிட்டேன். பாடம் எழுதும் இடத்தை அவள் இன்னும் நிரப்பவில்லை. நாளைக் காலை கொடுக்க வேண்டும். சமையல் என்று கொடுத்தாலும் ஒரு மாதத்துக்குள் மாற்றிக்கொள்ளலாமாம். மாமா சொன்னால் கேட்பாள். கம்ப்யூட்டர்தான் படிக்க வேண்டும் என்று அவளைக் கண்டித்து உடனே எழுது.

உன் உடம்பையும், நீ பாடுபட்டுச் சம்பாதிக்கிற ரிஸ்கையும் அல்லாஹ் காப்பானாக. வெயிலில் தொப்பி போட்டுக்கொள்.

உன் லாத்தா,
மைதீன் பாத்திமா

பி.கு. 12ஆம் தேதி. மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள். ஃபாரம் கொடுக்கப் போனவள் ஆறு மணியாகியும் வரவில்லை. அவளும் அவள் வாப்பாவும் இல்லாத வீட்டில் இந்தச் சாயங்காலம் எப்படி இருக்கிறது என்று எனக்கு இன்றைக்குத்தான் தெரிகிறது. சமையலே போதும் என்று எழுது.

வந்துவிட்டாள். பஸ் கிடைக்கவில்லையாம். "என்ன பாடம் எழுதிக் குடுத்தே?" என்றேன். "கம்ப்யூட்டர்" என்று சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தாள். "நல்லது" என்று சொல்லிச் சோறு எடுத்து வைத்தேன். ஆகையால் தம்பி, அவளுக்கு எழுத வேண்டாம். எனக்கு எழுது. கண்டித்தே எழுது.