மழைச் சீட்டும் ரூல்ஸ் அண்ணாச்சியும்

இந்த உலகத்தில் அநியாயமாகச் செத்துப்போன டிராகனுக்கு நியாயம் வாங்கிக்கொடுக்கக்கூடிய ஒரே மனிதர் கோவில்பட்டியில், ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு அடுத்த மேஜை எனக்கு வாய்த்தது என் ஜாதகம்.

ஊருக்கு அவர் ரூல்ஸ் அண்ணாச்சி. சொந்தப் பெயர் வாக்காளர் பட்டியலில் மட்டும் இருக்கிறது.

மந்திரவாதி, டிராகன், பூதம் என்று படம் போட்ட சீட்டுகளைச் சேர்த்து, ஒருவருக்கொருவர் மாற்றிக்கொண்டு, மேஜையில் இறக்கி, எதிராளியின் கோட்டையைச் சாய்க்கிற விளையாட்டு ஒன்று இருக்கிறது. சீட்டில் படமும் ஒரு எண்ணும்தான். எந்தச் சீட்டு என்ன செய்யும் என்பதெல்லாம் தனியாக ஒரு விதிப்புத்தகத்தில், பொடி எழுத்து இங்கிலீஷில், எண்பது பக்கம். எங்கள் பக்கத்தில் இதை ஆடாத இளவட்டம் இல்லை. ஆனால் அந்தப் புத்தகத்தைப் படித்தவர் ஒருத்தரும் இல்லை. மதுரை பஸ்ஸில் யாரோ விட்டுவிட்டுப் போன ஒரு பிரதி அண்ணாச்சி கையில் கிடைத்தது. மனுஷன் படித்ததோடு நிற்கவில்லை, மனப்பாடமே செய்துவிட்டார். அன்றிலிருந்து எங்கள் ஆபீஸ் ஹைகோர்ட் ஆனது.

காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே போன் அடிக்கும்.

"சொல்லுங்க, எந்தூர்ல இருந்து பேசுதீங்க? ஈரோடா. சரி. டிராகன் முழிச்சிருக்கா, தூங்குதா? தூங்குதுன்னா தாராளமா எரிக்கலாம். குடோனோட சேத்தே எரிங்க. அவிய ஒண்ணும் கேக்க முடியாது."

இதை அவர் சொன்ன நேரத்தில், பண்டல் ஏற்றுவதற்காக எதிரே உட்கார்ந்திருந்தவர் ஒரு தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி. பாதி எழுந்துவிட்டார். "எந்தக் குடோனு அண்ணாச்சி?" என்று கேட்டார். நான்தான் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தேன். அதற்குப் பிறகு அவர் எங்கள் ஆபீஸுக்கு வந்தால், முதலில் அண்ணாச்சியின் போன் மேஜையில் கவிழ்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நாற்காலியை இழுப்பார்.

விளையாட்டோடு விட்டாலும் பரவாயில்லை. ஒரு கல்யாணப் பந்தியில் இவர் இலைக்கு மோர் வந்துவிட்டது. அப்புறம்தான் பாயச வாளி வந்தது. அண்ணாச்சிக்குப் பாயசம் என்றால் உயிர். இருந்தும் இலைமேல் கையைக் குறுக்கே வைத்துவிட்டார். "மோர் ஊத்தியாச்சு. அந்தச் சுத்து முடிஞ்சு போச்சு." பரிமாறுகிறவர் கெஞ்சிப் பார்த்தார். இவர் கண் கலங்கியதே தவிர கையை எடுக்கவில்லை. பக்கத்து இலைக்காரன் நான், இரண்டு கரண்டி வாங்கிச் சாப்பிட்டேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அண்ணாச்சி ஒரு ஆட்டம்கூட ஆடியது கிடையாது. ஏன் என்று ஒருதடவை கேட்டேன்.

"ஆடுனா ஜெயிக்கணும்னு தோணும்வே. ஜெயிக்கணும்னு தோணிட்டா ரூல் லேசா வளையும்."

போன வருஷம் ஒரு மண்டபத்தில் போட்டி வைத்தார்கள். ஜெயிக்கிறவருக்கு ஒரு கப், அதோடு சென்னையில் நடக்கிற மாநிலப் போட்டிக்குப் போக ஒரு இடம். நடுவர் யார் என்று கேட்கவே வேண்டாம். அண்ணாச்சி இரண்டு சட்டம் போட்டார். சீட்டை இறக்கிய பிறகுதான் அதைப் பற்றிச் சந்தேகம் கேட்கலாம். முடிவுத் தாளில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுவிட்டால் கடவுளே வந்து சொன்னாலும் மாற்றக் கூடாது.

கடைசி ஆட்டத்தில் ஒரு பக்கம் மருந்துக்கடை சங்கர். இன்னொரு பக்கம் செல்வி, புதியம்புத்தூரில் ரெடிமேட் சட்டைக்குக் காலர் தைக்கிற பெண். சாப்பாட்டு இடைவேளைகளில் ஆடி ஆடியே இவ்வளவு தூரம் வந்தவள். சங்கரின் கோட்டை முழுக்க நிலச் சீட்டுகளின் மேல் நின்றது. செல்வி கையில் மிச்சம் ஒரே ஒரு சீட்டு. இறக்கினாள். அடைமழை.

"அண்ணாச்சி, மழை பேஞ்சா நிலத்துக்கு என்ன ஆகும்?"

அண்ணாச்சி யோசிக்கவே இல்லை. "எல்லா நிலத்துக்கும் ரெண்டு பலம் கூடும்."

மண்டபமே தலையாட்டியது. நானும்தான் ஆட்டினேன். சங்கரின் கோட்டை இரண்டு பலம் ஏறி நிமிர்ந்தது, செல்வி தோற்றாள். உதட்டைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டாள்.

மூன்று நாள் கழித்து, ஆபீஸில் சும்மா புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்த அண்ணாச்சி சிலை மாதிரி ஆகிவிட்டார். நான் எட்டிப் பார்த்தேன். அடைமழை பெய்தால் எல்லா நிலமும் சேறாகி இரண்டு பலம் இழக்கும் என்று போட்டிருந்தது. அதாவது, சங்கரின் கோட்டை விழுந்திருக்க வேண்டும். செல்வி ஜெயித்திருக்க வேண்டும்.

புத்தகத்தை எழுதியவன் வருஷம் முழுக்க மழை பெய்கிற ஊர்க்காரனாக இருக்கும். அண்ணாச்சி எப்போதும்வென்றான் என்கிற ஊரில் சம்சாரி, அதாவது விவசாயி வீட்டுப் பிள்ளை. வானம் பார்த்த கரிசல். ஐப்பசியில் இரண்டு மழை தப்பினால் உளுந்தும் இல்லை, பருத்தியும் இல்லை. மழை பெய்து நிலம் கெடும் என்பது அந்த மண்டைக்குள் எப்படி ஏறும்? எண்பது பக்கத்தில் அந்த ஒரு வரியை மட்டும் அவர் மனசு தானாகத் திருத்தி வைத்துக்கொண்டது.

"விடுங்க அண்ணாச்சி, யாருக்குத் தெரியும்?" என்றேன்.

"எனக்குத் தெரியுதுல்லா."

மறுநாள் லீவு போட்டுச் செல்வியைப் பார்க்கப் புறப்பட்டார். தனியாக விட மனசில்லாமல் நானும் பஸ் ஏறினேன். வழியில் அவர் சொந்த ஊர் வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பாமல் மடியிலிருந்த புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தையல் யூனிட்டில் முப்பது மெஷின் ஓடுகிற சத்தம். அண்ணாச்சி செல்வி எதிரே நின்று, "நான் தப்பாச் சொல்லிட்டேம்மா. நீதான் ஜெயிச்ச" என்றார். இரைச்சலில் கேட்கவில்லை. மறுபடியும் கத்திச் சொல்ல வேண்டியதாயிற்று. அதற்குள் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றுவிட்டன, கடைசிச் சொல் யூனிட் முழுக்கக் கேட்டது.

செல்வி புத்தகத்தை வாங்கிப் பார்த்தாள். "நான் நாலு நாளாச் சரியாச் சாப்பிடல அண்ணாச்சி" என்றாள். புத்தகத்தை மூடிக் கொடுத்துவிட்டு, "எங்க வீடு நாகலாபுரம் பக்கம், அதுவும் கரிசல்தான். மழை பேஞ்சா நிலம் கெடும்னு எனக்கே தோணலையே, உங்களைச் சொல்லி என்ன செய்ய?" என்றாள்.

அங்கிருந்து நேராக மருந்துக்கடை. சங்கர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மெதுவாக, "கையெழுத்துப் போட்டாச்சே அண்ணாச்சி. நீங்க வச்ச ரூல்தான" என்றார்.

"ஆமா. ரூல் உங்க பக்கம்தான் இருக்கு. நான் ரூல் பேச வரல. உங்ககிட்டக் கேட்டுப் பாக்க வந்திருக்கேன்."

அண்ணாச்சி யாரிடமும் எதையும் கேட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. சங்கர் ஒரு அம்மாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்து அனுப்பினார். அப்புறம் உள்ளே போய்க் கப்பைத் தூக்கிக்கொண்டு வந்து கண்ணாடி மேஜையில் வைத்தார். "நீங்க இவ்வளவு தூரம் அலையுதீங்க. இதை வச்சிக்கிட்டு நான் எப்படித் தூங்க?"

செல்விக்குச் சென்னை உறுதியானது. அண்ணாச்சிதான் இல்லாமல் போனார். அதாவது ஆள் இருந்தார், தீர்ப்பு நின்றுவிட்டது. போன் வந்தால், "வேற யாரையாவது கேளுங்க, எனக்கு அவ்வளவாத் தெரியாது" என்று வைத்துவிடுவார். எண்பது பக்கத்தையும் கரைத்துக் குடித்தவர் சொல்கிற பேச்சா இது? மெல்ல மெல்லப் போன் வருவதும் நின்றது, ஆபீஸில் லாரிச் சத்தம் மட்டும்தான் மிச்சம். தீப்பெட்டி முதலாளியே ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "ஏன் அண்ணாச்சி, இப்பல்லாம் ஒருத்தரும் ஒண்ணையும் எரிக்கலையா?" என்று கேட்டுவிட்டார். சந்தேகம் கேட்டு வந்த போனையெல்லாம் அத்தனை வருஷம் சபித்தவன் நான். அந்த ஒரு மாதம் அது அடிக்காதா என்று காத்துக் கிடந்தேன்.

செல்வி சென்னை போய்ச் சேர்ந்த அன்று போன் அடித்தது. அண்ணாச்சி ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணாச்சி, நாளைக்குப் போட்டி. ஒரு சந்தேகம்."

"அங்கன பெரிய பெரிய நடுவரெல்லாம் இருப்பாவளே. அவியகிட்டக் கேளும்மா."

"அவிய சொல்றது தப்பா இருந்தா எனக்கு எப்படித் தெரியும்? நீங்கன்னா பஸ் ஏறி வந்து சொல்லிருவீங்கள்லா."

அண்ணாச்சி டிராயரைத் திறந்து புத்தகத்தை எடுத்தார், கண்ணாடியை மாட்டினார். "சொல்லு. டிராகன் முழிச்சிருக்கா, தூங்குதா?"

வாசலில் தூத்துக்குடி லாரிக்காரர் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார். நான் எழுந்து போய், அண்ணாச்சி சொல்லி முடிக்கிறவரை வண்டியை ஆஃப் பண்ணி வைக்கச் சொன்னேன்.